ஜாங்கோவில் பிழை வந்தால் எங்கே தேடுவது? புதிதாகப் பழகுபவர்களுக்கு

வாழைச்சேனையில் மாமாவுக்கு ஒரு மீன் வாடி இருக்கிறது. எந்த போட் வந்தது, என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, போட்காரருக்கு முன்னமே கொடுத்த அட்வான்ஸில் எவ்வளவு கழித்தது என்று எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில்தான் எழுதி வந்தார். ஐஸ் தண்ணீர் பட்டு மை கரைந்து, 340 கிலோவா 840 கிலோவா என்று போட்காரரோடு சண்டை வந்த நாளும் உண்டு. அந்தக் கொப்பிக்குப் பதிலாக ஒரு சின்ன வெப் ஆப் செய்து தருகிறேன் என்று நான் சொன்னபோது, எனக்குப் பைத்தன் என்ற நிரல்மொழி பழகி நாலைந்து மாதம்தான். பைத்தனில் வெப் ஆப் செய்ய உதவும் ஜாங்கோ என்ற கோட் தொகுப்பை வைத்துச் செய்தேன். புதிதாகப் பழகுபவருக்கு வருகிற பிரச்சினைகளில் முக்கால்வாசி அந்த ஒரு ஆப்பிலேயே எனக்கு வந்துவிட்டது, அதனால் அதை வைத்தே விளக்குகிறேன். கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். உங்கள் திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும், தட்டும்போதும் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

ஜாங்கோ அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஒரு செய்திப் பத்திரிகையின் இணையத்தளங்களுக்காக எழுதப்பட்டு, 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. லொகின், அட்மின் பக்கம், டேட்டாபேஸ், ஃபோர்ம் எல்லாமே உள்ளே தயாராக இருக்கும். பழகுபவருக்கு அது பெரிய வசதி. ஆனால் நாம் எழுதாத கோட் அவ்வளவு உள்ளே ஓடுவதால், ஏதாவது உடைந்தால் எங்கே உடைந்தது என்று தெரியாமல் திகைத்துப் போகிறோம்.

இதற்கு முதலில் விளங்க வேண்டியது ஒன்றுதான்: பிரவுசரிலிருந்து கிளம்பும் ஒரு கோரிக்கை எந்தப் பாதையால் போய்த் திரும்புகிறது என்பது. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி, பிறகு கல்லடிப் பாலம். பஸ் இன்னும் வரவில்லை என்றால் கோல் எடுத்து "எதில நிக்கிறீங்க?" என்றுதானே கேட்போம். ஜாங்கோவிலும் தரிப்பிடங்கள் இருக்கின்றன. கோரிக்கை சேர்வருக்கு வரும், யூஆர்எல் பட்டியலில் தன் வரியைத் தேடும், அந்த வரி காட்டும் வியூ ஃபங்ஷனுக்கு, அதாவது அந்தப் பக்கத்துக்காக நாம் எழுதிய கோடுக்குப் போகும், வியூ டேட்டாபேஸைக் கேட்கும், கிடைத்ததை டெம்ப்ளேட்டில் ஊற்றி ஒரு பக்கமாக்கித் திருப்பி அனுப்பும். பிழை வந்தால் பஸ் இதில் ஏதோ ஓர் இடத்தில் நிற்கிறது. எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அந்த இடத்தைச் சொல்வதற்குத்தான் டிரேஸ்பேக் என்ற அந்த நீள அறிக்கை. நாற்பது ஐம்பது வரியைப் பார்த்தவுடன் பயந்து மூடிவிட வேண்டாம். அதைக் கீழிருந்து மேலே வாசியுங்கள். கடைசி வரியில் பிழையின் பெயரும் காரணமும் இருக்கும். அதிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போய், உங்கள் சொந்த ஃபோல்டரின் பெயர் எந்த வரியில் முதலில் தட்டுப்படுகிறதோ அங்கே நில்லுங்கள். சைட் பேக்கேஜஸ் என்று வருகிற வரிகள் ஜாங்கோவின் உள் வேலை, அவற்றை விட்டுவிடலாம். உங்கள் ஃபைலின் பெயரும் வரி எண்ணும் கிடைத்தவுடன் அந்த ஃபைலைத் திறந்து அந்த வரிக்குப் போங்கள். நான் தொடக்கத்தில் இதைச் செய்யாமல், பிழையின் பெயரை மட்டும் கூகுளில் போட்டு, யாரோ எதற்கோ எழுதிய பதிலைக் கொப்பி பண்ணி ஒட்டி, இருந்த ஒரு பிழையை மூன்றாக்கிய இரவுகள் பல.

சரி, தரிப்பிடங்களுக்கு வருவோம். பஸ் கிளம்பவே இல்லாத கதை முதலில்.

"மாட்யூல் நாட் ஃபவுண்ட், ஜாங்கோ என்று ஒரு மாட்யூல் இல்லை" என்று வரும். நேற்றுத்தானே இன்ஸ்டோல் பண்ணினேன் என்று தோன்றும். நேற்று இன்ஸ்டோல் பண்ணியது வெர்ச்சுவல் என்வைரன்மென்ட் என்ற தனி அறைக்குள். இன்றைக்கு டெர்மினலைத் திறந்து அந்த அறைக்குள் போகாமல் வெளியே நின்று கூப்பிடுகிறீர்கள். அறைக்குள் போனால், அதாவது அக்டிவேட் செய்தால், கட்டளை வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அறையின் பெயர் தெரியும். தெரியவில்லையென்றால் நீங்கள் வெளியே. விண்டோஸ் பவர்ஷெல்லில் அக்டிவேட் செய்யும்போது ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் வந்தால், அதோடு மல்லுக்கட்டாமல் பழைய கமாண்ட் பிரம்ப்டைத் திறந்து அங்கே செய்துவிட்டு வேலையைப் பாருங்கள். இன்னொன்று, பழகும்போது பலரும் தங்கள் ஃபைலுக்கே ஜாங்கோ.பை, ஃபிளாஸ்க்.பை (ஃபிளாஸ்க்கும் ஜாங்கோ போல வெப் ஆப் செய்ய உதவுவதுதான்) என்று பெயர் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் பைத்தன் உண்மையான ஜாங்கோவை விட்டுவிட்டு உங்கள் ஃபைலைத்தான் எடுக்கும். பெயரை மாற்றினால் சரி.

யூஆர்எல் தரிப்பிடத்தில் நின்றால் 404, அதாவது அந்தப் பக்கம் இல்லை என்று வரும். பிழையின் விவரத்தைத் திரையிலேயே காட்டும் டீபக் மோடில் இருக்கும்போது அந்தப் பக்கத்திலேயே ஜாங்கோ எந்தெந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது என்று வரிசையாகக் காட்டும். நீங்கள் எழுதிய வரி அதில் இல்லையென்றால், ஆப்பின் யூஆர்எல் ஃபைலைப் பிரதான யூஆர்எல் ஃபைலில் இன்க்ளூட் பண்ண மறந்திருப்பீர்கள்.

டேட்டாபேஸ் தரிப்பிடத்தில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். மாமாவின் ஆப்பில் முதலில் போட், மீன், கிலோ, விலை மட்டும்தான் இருந்தது. இரண்டாவது வாரம் அட்வான்ஸ் கழிக்கிற கொலம் வேண்டும் என்றார். மொடல்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன், பக்கத்தைத் திறந்தேன், "நோ சச் கொலம்" என்று விழுந்தது. கோடில் கண்ணெதிரே அந்த வரி இருக்கிறது, இல்லை என்கிறதே என்று ஒரு மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் இதுதான்: மொடல்ஸ் ஃபைல் நீங்கள் கீறிய வீட்டுப் பிளான், டேட்டாபேஸ் ஏற்கெனவே கட்டிய வீடு. பிளானில் ஓர் அறை கீறினால் வீட்டில் அறை வந்துவிடாது. மேக்மைக்ரேஷன்ஸ் என்ற கட்டளை, பழைய பிளானுக்கும் புதிய பிளானுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். மைக்ரேட் என்ற கட்டளைதான் அதைப் பார்த்துக் கட்டும். ஒன்றை மட்டும் ஓட்டிவிட்டு மற்றதை மறப்பது எல்லோருக்கும் நடக்கிற வேலை. சந்தேகம் வந்தால் ஷோமைக்ரேஷன்ஸ் என்று ஓட்டுங்கள், கட்டி முடித்தவற்றுக்கு எக்ஸ் குறி இருக்கும், குறி இல்லாதது இன்னும் கட்டவில்லை. புது ஆப் ஒன்றுக்கு மேக்மைக்ரேஷன்ஸ் ஓட்டியும் "மாற்றம் எதுவும் இல்லை" என்று வந்தால், பெரும்பாலும் செட்டிங்ஸில் இன்ஸ்டோல்ட் ஆப்ஸ் பட்டியலில் அந்த ஆப்பின் பெயரைச் சேர்த்திருக்க மாட்டீர்கள்.

இதில் ஒரு கேள்வி வரும், அதை அவசரமாகத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். ஏற்கெனவே வரிகள் இருக்கிற டேபிளில் வெறுமையாக இருக்க முடியாத கொலம் ஒன்றைச் சேர்த்தால், பழைய வரிகளுக்கு என்ன போடட்டும் என்று ஜாங்கோ கேட்கும். அட்வான்ஸுக்கு 0 போட்டேன், ஏனென்றால் அதுவரை இந்தக் கணக்கில் அட்வான்ஸ் கழிக்கவே இல்லை, 0 என்பது உண்மை. பிறகு ஐஸ் எத்தனை கட்டி என்று ஒரு கொலம் சேர்த்தபோதும் பழக்கத்தில் 0 போட்டுவிட்டேன். அது பொய். அந்த நாட்களில் ஐஸ் வாங்கினார், நாங்கள் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான். தெரியாததைத் தெரியாதது என்று வெறுமையாக விட, "நல்" (null) எனப்படும் வெற்று மதிப்பை அந்தக் கொலத்தில் அனுமதித்திருக்க வேண்டும். கணக்கு ஆப் செய்கிறவர் இந்த வித்தியாசத்தைப் பார்த்தே ஆக வேண்டும், மாதக் கடைசியில் சராசரி எடுக்கும்போது பிழையான எண் வந்து நிற்கும். அப்புறம், மைக்ரேஷன் சிக்கலானால் டேட்டாபேஸ் ஃபைலையும் மைக்ரேஷன் ஃபோல்டரையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லிப் பல பேர் ஆலோசனை சொல்வார்கள். பழகுகிற கோட் என்றால் செய்யுங்கள். ஒருவருடைய உண்மையான கணக்கு உள்ளே இருந்தால் தயவுசெய்து செய்ய வேண்டாம், டேட்டாபேஸ் ஃபைலை முதலில் ஒரு பென் டிரைவிலாவது கொப்பி எடுத்து வையுங்கள்.

டெம்ப்ளேட் தரிப்பிடத்தில் "டெம்ப்ளேட் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று வந்தால், அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே போய்ப் பாருங்கள், எந்தெந்த ஃபோல்டரில் தேடினேன் என்று ஜாங்கோ பட்டியல் தந்திருக்கும். உங்கள் ஃபைல் இருக்கும் இடத்தை அதோடு ஒப்பிட்டால் எந்த எழுத்துப் பிழை என்று உடனே தெரிந்துவிடும். இதைவிடக் கவனிக்க வேண்டியது, டெம்ப்ளேட்டுக்குள் ஒரு மாறியின் பெயரைப் பிழையாக எழுதினால் ஜாங்கோ சத்தமே போடாது. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்றதைக் காட்டும். விலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லையென்றால், டேட்டாபேஸைச் சந்தேகப்படும் முன் டெம்ப்ளேட்டில் எழுதிய பெயரும் வியூ அனுப்பும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

ஃபோர்ம் அனுப்பும்போது 403, "சிஎஸ்ஆர்எஃப் வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்" என்று வருவது எல்லோருக்கும் ஒரு தடவையாவது வரும். ஃபோர்ம் டேக்கின் உள்ளே சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் என்ற வரியைப் போட்டால் போய்விடும். ஏன் அது தேவை? மாமா தன் போனில் ஆப்பில் லொகின் ஆகியிருக்கிறார் என்று வையுங்கள். அதே நேரம் வேறு ஏதோ ஒரு கெட்ட இணையத்தளத்தைத் திறந்தால், அந்தத் தளம் அவருக்குத் தெரியாமல் அவருடைய பிரவுசர் வழியாக நம் ஆப்புக்கு ஒரு ஃபோர்மை அனுப்ப முடியும், பிரவுசரும் லொகின் குக்கியைச் சேர்த்தே அனுப்பிவிடலாம். நம் பக்கத்திலிருந்து வந்த ஃபோர்ம்தான் என்று காட்டும் துண்டு அந்த டோக்கன். அந்தத் துண்டைக் கெட்ட தளத்தால் வாசிக்க முடியாது. அதனால் இந்தப் பிழையைப் போக்கச் சோதனையையே நிறுத்திவிடுகிற வழியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹோஸ்ட் பண்ணிய பிறகு, அதாவது ஆப்பை இணையத்தில் ஏற்றிய பிறகு, டோக்கன் இருந்தும் 403 வந்தால், செட்டிங்ஸில் சிஎஸ்ஆர்எஃப் டிரஸ்டட் ஒரிஜின்ஸ் என்ற பட்டியலில் உங்கள் முகவரியைச் சேர்த்துப் பாருங்கள். ஜாங்கோ 4.0-இலிருந்து அதில் எச்டிடிபிஎஸ் என்ற முன்பகுதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

லெப்டொப்பில் ஓடுகிறது, போனில் திறக்கவில்லை என்பது அடுத்தது. ரன்சேர்வர் என்று மட்டும் ஓட்டினால் அது 127.0.0.1-இல், அதாவது அந்தக் கணனிக்குள் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரே வைஃபையில் உள்ள போனில் பார்க்க 0.0.0.0:8000 என்று சேர்த்து ஓட்டுங்கள், பிறகு போனில் லெப்டொப்பின் ஐபி எண்ணையும் 8000-ஐயும் போடுங்கள். உடனே "டிஸ்அலவ்ட் ஹோஸ்ட்" என்று 400 வரும். அது நல்ல சகுனம், போன் சேர்வரை எட்டிவிட்டது. அலவ்ட் ஹோஸ்ட்ஸ் பட்டியலில் அந்த ஐபியைச் சேர்த்தால் திறக்கும். 400 கூட வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால் விண்டோஸ் ஃபயர்வோலைப் பாருங்கள். ஃபிளாஸ்க் பாவிப்பவர்களுக்கு 8000-க்குப் பதில் 5000. புதிய மெக் கணனிகளில் அந்த 5000-ஐ ஏர்பிளே என்ற வசதி பிடித்து வைத்திருப்பதால் வேறு எண் கொடுக்க வேண்டி வரும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சத்தம் போடுகிற பிழைகள். எனக்கு உண்மையில் பயம் சத்தம் போடாதவற்றுக்குத்தான்.

ஆப் கொடுத்து மூன்றாவது நாள் மாமா கோல் எடுத்தார். "மனே, இண்டைக்கு வந்த மீன் நேத்தைக் கணக்கில கிடக்கு." போய்ப் பார்த்தேன். விடியற்காலை 4.45-க்கு வந்த போட்டின் அறுக்குளாவும் பாரையும் முந்தின நாள் தேதியில் இருந்தன. அன்றைக்கே ஏழு மணிக்கு வந்த சூடை சரியான தேதியில் இருந்தது. சிவப்பு எழுத்து இல்லை, டிரேஸ்பேக் இல்லை. ஒரே ஆப், ஒரே ஃபோர்ம், ஒன்று சரி, ஒன்று பிழை. காரணம் செட்டிங்ஸில் இருந்தது. புது புரொஜெக்ட் தொடங்கும்போது ஜாங்கோ டைம் ஸோனை யுடிசி, அதாவது உலகப் பொது நேரம் என்று வைத்துத்தான் தரும். நம் இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. இங்கே அதிகாலை 4.45 என்றால் யுடிசியில் முந்தின இரவு 11.15. ஆக, நம் ஊரில் காலை 5.30-க்கு முன் எழுதிய எல்லாமே நேற்றைக்குப் போய்விடும். நான் எப்போதும் பகலிலும் இரவிலும்தான் சோதித்தேன், ஐந்தரைக்கு முன் ஒரு தடவைகூட ஃபோர்மை நிரப்பிப் பார்க்கவில்லை. வாடிக்கோ அந்த நேரம்தான் உச்ச வேலை.

டைம் ஸோனில் ஏஷியா, கொழும்பு என்று மாற்றினேன். தீரவில்லை! வியூவில் நான் டைம்ஸோன்.நவ் என்பதை எடுத்து அதிலிருந்து தேதியை வெட்டியிருந்தேன். டைம் ஸோன் ஆதரவு ஓனாக இருக்கும்போது அந்த நவ் எப்போதும் யுடிசியில்தான் வரும், செட்டிங்ஸில் என்ன ஊர் போட்டிருந்தாலும் சரி. நம் ஊர்த் தேதி வேண்டுமென்றால் டைம்ஸோன்.லோக்கல்டேட் என்று கேட்க வேண்டும். அதை மாற்றிய பிறகுதான் சரியானது. நல்ல வேளையாக ஒவ்வொரு வரியும் பதிவான முழு நேரத்தையும் தனியாகச் சேமித்திருந்தேன், அதை வைத்துப் பழைய தேதிகளைத் திருத்த முடிந்தது. நீங்களும் தேதி மட்டும் சேமிக்காமல் முழு நேரத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். இன்னொரு விஷயம், ஐந்தரை மணித்தியாலத்தை நாமே கூட்டிக்கொள்வோம் என்று நினைக்க வேண்டாம். 1996-இல் நம் நாட்டு நேரத்தை முன்தள்ளி, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். ஏஷியா, கொழும்பு என்ற பெயருக்குள் அந்த மாற்றங்கள் எல்லாம் இருக்கின்றன, பழைய பதிவுகளை ஏற்றினாலும் கணக்குப் பிசகாது.

தமிழில் பெயர் போடுகிறவர்களுக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது, ஆங்கிலப் பாடங்களில் இது வராது. வியாபாரிகளின் ஊருக்கு ஒரு பக்கம் செய்து, முகவரியில் ஊர்ப் பெயர் வரட்டும் என்று, பெயரை முகவரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஸ்லக்கிஃபை ஃபங்ஷனைப் பாவித்தேன். "மட்டக்களப்பு" என்று கொடுத்தால் வெறும் சரம் வந்தது, ஒரு எழுத்துகூட இல்லை. அந்தப் பக்கத்துக்கு லிங்க் செய்த இடத்தில் "நோ ரிவர்ஸ் மேட்ச்" என்று வெடித்தது. அந்த ஃபங்ஷன் இயல்பாக ஆங்கில எழுத்து, எண் போன்றவற்றை மட்டுமே வைத்துக்கொள்ளும். யுனிகோடை அனுமதி என்று சொல்லிப் பார்த்தேன், அப்போது வந்தது "மடடககளபப". ஏறாவூர் "ஏறவர" ஆனது, கல்முனை "கலமன" ஆனது. புள்ளியும் கொம்பும் காலும் அத்தனையும் உதிர்ந்துவிட்டன. யுனிகோடில் தமிழின் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து என்ற வகையில் இல்லை, குறி என்ற வகையில் இருக்கின்றன. எழுத்துக்களை வடிவம் பார்த்துத் தேடும் பைத்தனின் ரெஜெக்ஸ் அவற்றைச் சொல்லின் பகுதியாக எடுக்காததால் ஸ்லக்கிஃபை வெட்டி எறிகிறது. போதாததற்கு யூஆர்எல் வரியில் எழுதும் ஸ்லக் என்ற வகையும் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், அண்டர்ஸ்கோர் தவிர வேறெதையும் ஏற்காது. என் தீர்வு சாதாரணமானது: முகவரியில் ஊரின் ஐடி எண்ணை மட்டும் போட்டேன், பெயரைப் பக்கத்துக்குள் முழுத் தமிழில் காட்டினேன். நம் ஊர்ப் பெயரைக் காலும் கொம்பும் இல்லாமல் முகவரியில் பார்ப்பதைவிட எண் எவ்வளவோ மேல்.

இதே குடும்பத்தில் எக்செல் பிரச்சினை. மாதக் கணக்கை சிஎஸ்வி ஃபைலாக எழுதும்போது விண்டோஸில் "சார்மேப் கோடெக்" என்று பிழை வந்தால், ஃபைலைத் திறக்கும் வரியில் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று கொடுக்கவில்லை என்று அர்த்தம். கொடுத்த பிறகு ஃபைல் எழுதப்படும், ஆனால் எக்செல்லில் திறந்தால் தமிழ் எல்லாம் கோணல் குறிகளாகத் தெரியலாம். யுடிஎஃப்-8-சிக் என்று மாற்றினால் ஃபைலின் தலையில் மூன்று பைட் அடையாளம் சேரும், அதைப் பார்த்து எக்செல் தமிழைச் சரியாகக் காட்டும்.

ஹோஸ்ட் பண்ணும்போது செட்டிங்ஸில் டீபக்கை ஃபோல்ஸ் ஆக்குவீர்கள் (டீபக் மோட் நின்றுவிடும்), ஆக்கத்தான் வேண்டும். உடனே ஸ்டைலும் படமும் காணாமல் போய்ப் பக்கம் வெறும் எழுத்தாக நிற்கும். ஸ்டைல், படம் போன்ற ஸ்டேட்டிக் ஃபைல்களை ரன்சேர்வர் கொடுத்துக்கொண்டிருந்தது டீபக் ஓனாக இருந்தவரைதான். ஸ்டேட்டிக் ரூட் என்று ஒரு ஃபோல்டரைச் சொல்லி, அவற்றை அங்கே சேர்த்து வைக்கும் கலெக்ட்ஸ்டேட்டிக் கட்டளையை ஓட்டி, அவற்றைப் பிரவுசருக்குக் கொடுக்கும் வைட்நொய்ஸ் என்ற பேக்கேஜைச் சேர்த்தால் சின்ன ஆப்புக்குப் போதும்.

இவ்வளவு பார்த்தும் தீரவில்லையென்றால் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஏறாவூரிலிருந்து ஒரு தங்கச்சி வட்ஸ்அப்பில் என்னிடம் கேட்பார். முதலில் போனால் திரையைப் படம் எடுத்து அனுப்பினார், மேல் பத்து வரி இருந்தது, கடைசி வரி படத்துக்கு வெளியே. இப்போது டிரேஸ்பேக் முழுவதையும் எழுத்தாகக் கொப்பி பண்ணி, அது சொல்லும் ஃபைலின் அந்தப் பத்து வரியையும் சேர்த்து, ஜாங்கோ எந்தப் பதிப்பு, கடைசியாக எதை மாற்றினார் என்று எழுதி அனுப்புகிறார். போன கிழமை அப்படி ஒரு மெசேஜ் பாதி எழுதியபடி வந்தது, அடுத்த நிமிடம் அழித்திருந்தார். கீழே ஒரே ஒரு வரி: "அண்ணா, எழுதிக்கொண்டு இருக்கக்குள்ளேயே கண்டுபிடிச்சிட்டன், மைக்ரேட் ஓட்ட மறந்துட்டன்."